ஒரு பேணி மல்லி என்றால் எவ்வளவு?

கேள்வி இதுதான்: "வெளிநாட்டில் பல காலமாக வாழ்கிறவர்கள் ஊர்ச் சாப்பாட்டை ஏன் இவ்வளவு பிடிவாதமாக வைத்திருக்கிறார்கள்? ஊரோடு உள்ள தொடர்பை உணவு உண்மையிலேயே காப்பாற்றுகிறதா, இல்லை அது வெறும் நாக்குப் பழக்கமா?"

நாக்குப் பழக்கமும் இருக்கிறது. ஆனால் நாக்கு சீக்கிரம் மாறக்கூடியது. நான் 1987இல் யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறைப் பக்கமிருந்து கனடாவின் ரொறன்ரோவுக்கு வந்தவன். இத்தாலிய உணவகம் ஒன்றின் பின்பக்கத்தில் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு அங்கேயே சமையற்காரனானேன். இரண்டு வருடத்தில் பாஸ்தாவும் தக்காளிச் சோஸும் எனக்கு வீட்டுச் சாப்பாடு போலாகிவிட்டன. இன்றைக்கும் விரும்பிச் சாப்பிடுவேன். ஊர்ச் சாப்பாடு என்னை ஊரோடு கட்டி வைத்ததற்குக் காரணம் வேறு. அதைச் சமைக்க வேண்டுமென்றால் ஊரில் இருக்கும் யாரையாவது கேட்க வேண்டியிருந்தது. கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. உலகத்தில் எத்தனையோ சனங்கள் இடம்பெயர்ந்திருக்கிறார்கள். நான் நேரே அறிந்தது ஈழத்தமிழர் கதைதான், அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வெளிக்கிட்டவர்களில் பெரும்பாலானோர் இளம் ஆண்கள். ரொறன்ரோவில் சென்ட் ஜேம்ஸ் டவுன் என்ற அடுக்குமாடிக் கூட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்து பேர், ஆறு பேர் என்று இருந்தோம். எங்கள் வீட்டில் ஆறு பேர். ஒருவனுக்கும் சமைக்கத் தெரியாது. ஊரில் ஆண்பிள்ளை குசினிக்குள் போனால், "உனக்கு இஞ்ச என்ன வேலை" என்று கலைத்துவிடுவார்கள். இங்கே கலைக்க ஆளில்லை, சமைத்துத் தரவும் ஆளில்லை. தமிழ்க் கடைகள் அப்போதுதான் ஒன்றிரண்டாக முளைத்துக்கொண்டிருந்தன. பெரும்பாலான சாமானுக்கு ஜெரார்ட் வீதியில் இருந்த இந்தியக் கடைகளுக்குப் போவோம். அங்கே வாங்கிய கறிப்பவுடரில் குழம்பு வைத்தால் நிறம் மஞ்சளாக வரும், மணம் வேறாக இருக்கும். குறை சொல்லவில்லை, அது வேறு ஊரின் தூள்.

யாழ்ப்பாணச் சமையலைத் தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்களுக்குத் தூள் என்றால் ஒன்றுதான். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்து, ஒன்றாகச் சேர்த்து இடிப்பது. மீனோ கத்தரிக்காயோ இறைச்சியோ, உறைப்புக் கறி எல்லாவற்றுக்கும் இதே தூள். ஆனால் வீட்டுக்கு வீடு அளவு மாறும், வறுவல் மாறும். மல்லியை எந்த மணம் வரும்போது இறக்குவது, மிளகாயை எந்தக் கறுப்பு வரை விடுவது என்பது அந்தந்த வீட்டுப் பெண்களின் கைக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டுக் குழம்பை முகர்ந்தே இது யாருடைய தூள் என்று சொல்லக்கூடியவர்கள் எங்கள் ஒழுங்கையில் இருந்தார்கள்.

அம்மாவுக்கு எழுதிக் கேட்டேன். பதில் வந்தது: "மல்லி ஒரு பேணி, செத்தல் அதே பேணியில் அமத்தி ஒண்டரை, சீரகம் ஒரு சிறங்கை." பேணி என்பது எங்களூரில் தகரக் குவளை. ரின்பால், அதாவது தகரத்தில் அடைத்த கட்டிப்பால், வந்த வெற்றுப் பேணியைக் கழுவி அளவுக்கு வைத்துக்கொள்வார்கள். எந்தப் பேணி என்று திருப்பி எழுதினேன். கடிதம் போய்ப் பதில் வர இரண்டு மாதம் ஆகும். "அமத்தி என்றால் எவ்வளவு அமத்தி", "வெந்தயம் எழுத மறந்துவிட்டீர்களா" என்று நாலைந்து கடிதம் போய் வந்தன. அளவுக்கு நடுவே அம்மா மற்றதையும் எழுதுவார். மாடு கன்று போட்டது, தங்கச்சி சோதினை எழுதியது, யார் வீட்டில் ஷெல் விழுந்தது. சும்மா சுகம் விசாரித்து எழுதினால் நானும் மூன்று வரியில் முடித்திருப்பேன், அவரும் அப்படியே முடித்திருப்பார். தூள்தான் அந்தக் கடிதங்களை நீளமாக்கியது.

முதல் தடவை மிளகாய் வறுத்த அன்று புகைமணி அடித்து, கட்டடம் முழுக்கக் கீழே இறங்கிப் பனிக்குள் நின்றது. வீட்டைவிட்டு எழுப்பிவிடுவார்களோ என்று பயந்து, ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். அதற்குப் பிறகு, வறுத்த தூளை ஊரிலிருந்தே எடுப்பிப்பது வழக்கமாயிற்று. யாராவது பயணம் வந்தால் அவர்கள் பெட்டியில் பாதி தங்களுடையது, மீதி மற்றவர்களுடைய பார்சல்கள். இரட்டைப் பொலித்தீன் பையில் கட்டி, மேலே ரேப் சுற்றி, பெயர் எழுதிய தூள். கூடவே பருத்தித்துறை வடை. மெல்லியதாகத் தட்டி மொறுமொறுப்பாகப் பொரித்த அந்த வடை வாரக்கணக்கில் பழுதாகாது. தூரம் போவதற்கென்றே செய்தது போல இருக்கும்.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது, தொலைபேசி நின்றது, பாதை மூடியது. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் என்று தடைப்பட்டியல் நீண்டது. சனம் கிளாலிக் கடலில் இரவில் படகேறித்தான் வெளியே வந்தார்கள். அப்படி வந்த ஒருவர் கையில் 1992இல் அம்மா ஒரு பார்சல் கொடுத்துவிட்டிருந்தார். பிரித்துப் பார்த்தேன். தூள் கொரகொரவென்று இருந்தது. வழக்கத்தைவிடச் சிவப்பாக இருந்தது. கடிதம் வைக்கவில்லை, சோதனைச் சாவடிக்குப் பயந்திருக்கலாம். ஆனால் எனக்கு விளங்கிவிட்டது. மில் ஓட டீசல் இல்லை, உரலில் கையால் இடித்திருக்கிறார். செத்தல் மிளகாய் எங்கள் தோட்டங்களில் விளைவது. மல்லி வெளியிலிருந்து வர வேண்டும், அது கிடைக்கவில்லை. அம்மாவுக்கு உலக்கை பிடிக்கிற தெம்பு இருக்கிறது என்பதும் அந்தத் தூளிலிருந்துதான் தெரிந்தது. அந்த வருடம் ஊரிலிருந்து எனக்கு வந்த ஒரே செய்தி அதுதான்.

உணவு தொடர்பைக் காப்பாற்றுகிறதா என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கொரகொரத்த தூள். இதைப் பற்றிப் பேசும்போது பலர் உணவகங்களைத்தான் காட்டுகிறார்கள். பாரிஸில் லா சப்பல், இலண்டனில் ஈஸ்ட்ஹாமும் ரூட்டிங்கும், இங்கே ஸ்காபரோவும் மார்க்கமும். அவையும் வேண்டும்தான். ஸ்காபரோவில் இன்றைக்கு இருபத்தைந்து இடியப்பம், சொதி, சம்பல் என்று எண்ணி வாங்கிக்கொண்டு வேலையால் வீட்டுக்குப் போகலாம். மட்டன் றோலும் கொத்துரொட்டியும் இந்த நகரத்தின் சாப்பாடாகவே ஆகிவிட்டன. ஆனால் கடையில் காசைக் கொடுத்தால் முடிந்தது, ஒருவரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. அதனால் கடைச் சாப்பாடு வயிற்றுக்குச் செய்வதை உறவுக்குச் செய்வதில்லை என்பது என் எண்ணம்.

இன்னொரு வகைச் சாப்பாடு இருக்கிறது. அது ஆட்களைக் கூட்டாமல் நடக்காது. ஒடியல் கூழைச் சொல்கிறேன். பனங்கொட்டையைப் பாத்தியில் அடுக்கி மண் மூடிவிட்டால் சில மாதத்தில் கிழங்கு இறங்கும். அதைப் பச்சையாகப் பிளந்து வெயிலில் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்த மாவில் ஒரு கைப்பு உண்டு. தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை ஊற்றிவிட்டுத்தான் கூழில் கரைப்பார்கள். பானையில் முதலில் கொஞ்சம் அரிசி, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு. அப்புறம் மீன், நண்டு, றால், கணவாய். இடித்த செத்தலும் பழப்புளியும் கடைசியில் மாவும். ஊரில் இதைப் பனையோலையை மடித்துக் கட்டிய பிளாவில் குடிப்போம். பிளாவின் நுனியில் வாய் வைத்து உறிஞ்சும்போது ஓலையின் மணமும் சேர்ந்து வரும்.

நாலு பேருக்குக் கூழ் காய்ச்ச முடியாது. நண்டு உடைக்க ஒருவர், றால் உரிக்க ஒருவர், பலாக்கொட்டை தோல் நீக்க ஒருவர், அடிப்பிடிக்காமல் துழாவ ஒருவர். கோடையில் ஒரு சனிக்கிழமை யாராவது வீட்டுப் பின்வளவில் பெரிய கிடாரம் ஏறும். இருபது வருடமாக முகம் கொடுத்துக் கதைக்காதவர்கள் பக்கத்தில் இருந்து நண்டு உடைத்ததைப் பார்த்திருக்கிறேன். முன்பு ஒடியலை ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்கிய வீடுகளும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. தடைக்காலத்தில் பாணுக்கு மா இல்லாமல், சீனி இல்லாமல் இருந்தபோது ஒடியலும் பனங்கட்டியும் எல்லா வீட்டுக்கும் வந்தன. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்த தலைமுறைக்குப் பனை பற்றி இனி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி எனக்குச் சொல்லக் கடினமான ஒன்று. அம்மா 1993இல் இறந்தார். செய்தி கொழும்பு வழியாக எனக்கு வந்து சேர்ந்தபோது பத்தொன்பது நாளாகிவிட்டது. போகப் பாதையில்லை, போனால் திரும்பி வரப் பத்திரமில்லை. எங்கள் வழக்கத்தில் இறந்து எட்டாம் நாள் எட்டுச்செலவு என்று ஒன்று செய்வார்கள். இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படைப்பது. அந்த நாள் தாண்டிப் போய்விட்டதே என்று நான் அழுதுகொண்டிருக்க, மேல்மாடியில் இருந்த வயதான ஐயா ஒருவர் வந்து, "செய்தி கேட்ட நாள்தான் தம்பி உனக்குக் கணக்கு. இண்டையிலயிருந்து எண்ணு" என்றார்.

எண்ணினேன். எட்டாம் நாள் வேலைக்குப் போகாமல் சமைத்தேன். அம்மாவுக்குச் சூடை மீன் பொரியல் பிடிக்கும். கடைகளில் அந்த மீன் அப்போது இல்லை, போர்த்துக்கீசர் கடையில் மத்தி வாங்கினேன். முருங்கையிலை வறைக்கு முருங்கை கிடைக்கவில்லை, கீரையில் செய்தேன். புட்டு அவிக்கிற ஓலைப் பெட்டியான நீத்துப்பெட்டி இல்லை, கடைக் கோதுமை மாவைத் துணியில் கட்டி அவித்து, அரித்து, வறுத்த அரிசி மாவோடு குழைத்து, வடிதட்டில் வைத்து ஆவி காட்டினேன். குழம்புக்கு மட்டும் மாற்று எதுவும் தேவைப்படவில்லை. 1992இல் அவர் இடித்து அனுப்பிய தூளில் போத்தலின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவருக்குப் படைத்த குழம்பை அவருடைய தூளிலேயே வைத்தேன். அன்றைக்கு அறைக்குள் வந்த மணம் எங்கள் வீட்டுக் குசினியின் மணம்தான். இறுதிக் கிரியைக்குப் போக முடியாத எத்தனையோ அகதிப் பிள்ளைகள் இந்த நாட்டிலும் சுவிஸிலும் நோர்வேயிலும் இப்படி ஒரு இலையைப் போட்டுத்தான் தாய் தகப்பனுக்குக் கடன் தீர்த்தார்கள்.

நாள்காட்டியும் சாப்பாட்டில்தான் தங்கியிருக்கிறது. ஓகஸ்ட்டை ஒட்டி வரும், யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள். அந்த நாட்களில் இங்கே பல வீடுகளில் மச்சம் காய்ச்ச மாட்டார்கள். பனிநாட்டில் பிறந்து நல்லூர் வீதியை ஒருநாளும் மிதிக்காத பிள்ளைக்கும் "நல்லூர் கொடியேறிட்டுது, இனி மீன் இல்லை" என்பது தெரியும். ஆடிப்பிறப்புக்குப் பனங்கட்டிக் கூழும் கொழுக்கட்டையும். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பைப் பற்றிப் பாடிய பாட்டைச் சின்ன வயதில் பாடாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை இல்லை. கூழும் கொழுக்கட்டையும் செய்கிற விதமே அதில் இருக்கிறது. என் மகளுக்கு அந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தபோது பச்சரிசி, பயறு, பனங்கட்டி எல்லாவற்றையும் மேசையில் வைத்துத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

இந்தத் தொடர்புக்கு ஒரு விலையும் உண்டு, அதைப் பெரும்பாலும் பெண்கள்தான் கொடுத்தார்கள். தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து புட்டு அவித்தவர்கள் அவர்கள். எங்கள் வீட்டிலும் மனைவி வந்த பிறகு பல வருடம் நான் கரண்டியை அவரிடம் விட்டுவிட்டேன், உணவகத்தில் சமைப்பது போதும் என்று. அது பிழை, பிறகுதான் உணர்ந்தேன். பிள்ளைகளும் பட்டார்கள். குளிர்கால ஜாக்கெட்டில் பொரிச்ச மணம் ஏறினால் வகுப்பில் மூக்கைப் பொத்துவார்கள். அதனால் எங்கள் வீடுகளில் சமைக்க முன்னம் ஜாக்கெட்டுகளை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது ஒரு சடங்கு போல ஆனது. சிலர் கராஜில் அடுப்பு வைத்தார்கள். மகளுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு இடியப்பம் கட்டிக் கொடுத்த ஒருநாள் அது அப்படியே திரும்பி வந்தது. "அப்பா, சாண்ட்விச் தாங்கோ" என்றாள். கொடுத்தேன். பிள்ளையைக் கட்டாயப்படுத்தி ஊரைப் பிடித்து வைக்க முடியாது.

2009இல் அவள் பள்ளிப் பிள்ளை. மே மாதம் 10ஆம் திகதி ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் போரை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் இறங்கிப் பாதையை மறித்தபோது அவளும் என்னோடு நின்றாள். வன்னியில் முள்ளிவாய்க்கால் வரை ஒடுக்கப்பட்ட சனத்துக்குக் கடைசி வாரங்களில் கிடைத்தது கஞ்சி. அரிசி, தண்ணீர், கிடைத்தால் உப்பு. கஞ்சிக்கு வரிசையில் நின்ற இடத்திலும் ஷெல் விழுந்தது. அதனால்தான் முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18ஐ ஒட்டி ஒவ்வொரு வருடமும் தாயகத்திலும் உலகம் முழுக்கவும் அந்தக் கஞ்சியைக் காய்ச்சி, பல இடங்களில் சிரட்டையில் ஊற்றிக் கொடுக்கிறார்கள். 2024 மே மாதம் திருகோணமலை சம்பூரில் இந்தக் கஞ்சியைக் கொடுத்ததற்காகப் பெண்களைக் கைது செய்தார்கள். ஒரு சிரட்டைக் கஞ்சி என்ன சொல்கிறது என்பது கைது செய்தவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அதில் தேங்காய்ப்பால் விடலாமே, பயறு போடலாமே என்று இங்கே சிலர் நல்ல மனதோடு கேட்பதுண்டு. விடக் கூடாது. வேறு எந்தச் சாப்பாட்டையும் இடத்துக்கேற்ப மாற்றலாம், நானே மாற்றியிருக்கிறேன். இதை மட்டும் ருசியாக்கக் கூடாது.

ஊர் அப்படியே நிற்கிறது என்று நினைத்துக்கொள்வதும் எங்களிடம் உள்ள பிழை. போர் முடிந்த பிறகு நான் முதல் தடவை ஊருக்குப் போனபோது ஒடியல் கூழ் வேண்டும் என்றேன். தங்கச்சியின் மகன், "மாமா, நாங்கள் குடிச்சுப் பல வருசம், பிரைட் ரைஸ் எடுப்பமா" என்றான். அவன் வயதில் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். நாங்கள் வைத்திருப்பது வெளிக்கிட்ட வருடத்து ஊர். ஆனால் எங்கள் கேட்பினால் அங்கே சில அடுப்புகள் எரிகின்றன என்பதும் உண்மை. தூள் இடிப்பவர்கள், பனம்பழக் களியைக் காயவைத்துப் பனாட்டுப் போடுபவர்கள், ஒடியல் மா கட்டி விற்பவர்கள் என்று பெண்கள் பலர் வெளிநாட்டுக்குப் போகும் பார்சல்களை நம்பி உழைக்கிறார்கள். அன்றைக்குத் தங்கச்சி அயலில் சொல்லி ஒடியல் மா எடுப்பித்தாள். கூழ் காய்ந்தது. பிரைட் ரைஸ் கேட்ட பிள்ளை மூன்று தரம் வாங்கிக் குடித்தான்.

சாண்ட்விச் கேட்ட என் மகளுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல். தனி வீட்டில் இருக்கிறாள். போன மாதம் வந்து, "அப்பம்மாவின் தூளை நான் வறுக்கப் போகிறேன், அளவு தாங்கோ" என்றாள். பழைய கடிதங்களை எடுத்துக் கொடுத்தேன். மேசையில் மின்தராசு வைத்திருந்தாள். "ஒரு பேணி மல்லி என்றால் எத்தனை கிராம்?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருடமும் கைக்கணக்கில்தான் போட்டுக்கொண்டிருந்தேன். உடனே பருத்தித்துறைக்கு வீடியோவில் அழைத்தாள். தங்கச்சி எழுந்து குசினிக்குள் போய், மேல்தட்டைத் துழாவி, அடி துருப்பிடித்த ஒரு ரின்பால் பேணியை எடுத்துக் காட்டினாள். அம்மாவுடைய பேணி.

"மாமி, அதில் தண்ணி நிரப்பி அளந்து சொல்லுங்கோ."

அளவுச் சாடி அங்கே இல்லை. பேரப்பிள்ளையின் பால்போத்தலைக் கொண்டுவந்தாள். பேணியிலிருந்து ஊற்றினாள். 240 கோடு வரை நிரம்பியது. அதைக் கவிழ்த்துவிட்டு மிச்சத்தை ஊற்றினாள். 60க்குக் கொஞ்சம் கீழே நின்றது. மகள் எழுதிக்கொண்டாள். தங்கச்சி ஃபோனை முகத்துக்குக் கிட்டப் பிடித்தாள்.

"அது சரி பிள்ளை, செத்தல் எங்க வாங்கினனீ? காம்போடையோ, காம்பு கிள்ளினதோ? ஒருக்கால் தூக்கிக் காட்டு பாப்பம்."